சட்டைப்பையில் ஒரு கல்

அந்த ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கறுத்து ஒல்லியானவர். வலதுகை எந்நேரமும் சட்டைப்பைக்குள் எதையோ உருட்டிக்கொண்டிருக்கும்.

பேட்டையிலிருந்து வண்டியில் கொண்டுபோன என் அப்பாவின் விலாவைச் சிறுநீரகக் கல்லுக்காகக் கிழித்த வெள்ளைக்கார டாக்டர், அப்பாவின் நாடி தளர்ந்ததும் கல்லை எடுக்காமலே தைத்துவிட்டார்.

அப்பா கண் விழித்ததும் கம்பவுண்டர் ஒரு கல்லை அவர் கையில் வைத்தார். "உம்ம கல்லுதான் அண்ணாச்சி. எடுத்தாச்சு."

"இதையா சொமந்துகிட்டுக் கெடந்தேன்?" அப்பா சிரித்தார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். மறுநாள் விடியும்போது செத்துப்போனார்.

கம்பவுண்டர் வந்து, விறைத்த விரல்களைப் பிரித்துக் கல்லை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"அது அப்பாகூடப் போகட்டுமே" என்றேன்.

"அடுத்த கட்டில்ல ஒரு கிழவர் கெடக்காரு வே. அவருக்கும் வேணும்லா?"

கை மறுபடி சட்டைப்பைக்குள் உருட்டத் தொடங்கியது. அந்தக் கல் முதலில் யாருடையதோ.