தாலி கழற்ற வேண்டாம்

டாக்டர் ஞானசம்பந்தத்துக்குக் காரைக்குடியில் கைராசிக்காரர் என்ற பேர் கிடையாது. சட்டைப்பையில் தெர்மாமீட்டரோடு திருப்புளியும் வைத்திருக்கிற டாக்டர் என்றுதான் பேர். நாடி பிடித்துக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் ஓடும் ஃபேனின் சத்தத்தைக் கேட்டு, "பேரிங் போச்சு" என்பார். வந்தவர் தன் நெஞ்சுக்குள்தான் ஏதோ போய்விட்டது என்று பதறிப்போவார். அப்படி ஒரு மனுஷன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவரிடம் வந்த இருமல்காரர்களில் பாதிப்பேர் காசநோய்க்காரர்கள். எக்ஸ்ரே எடுக்க வேண்டுமென்றால் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குப் போகவேண்டும். ஆம்பளைகள் எப்படியோ போனார்கள். பொம்பளைகள் தலையை ஆட்டிவிட்டு நேரே வீட்டுக்குப் போனார்கள். சிங்கம்புணரிப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தியை உட்கார வைத்துக் காரணம் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அங்க தாலியக் கழட்டி வைக்கச் சொல்றாகளாம்யா. அவுக உசுரோட இருக்கையில நான் எப்பிடிக் கழட்டுவேன்?"

அந்தப் பதில் டாக்டரை உலுக்கிவிட்டது. மருந்து இருக்கிறது, மெஷின் இருக்கிறது, நடுவில் ஒரு மஞ்சள் கயிற்றுக்காக ஒருத்தி இருமியே சாவதா? ஆள் மெஷினிடம் போகாவிட்டால் மெஷின் ஆளிடம் போகட்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினார்.

ராணுவம் கழித்துப்போட்ட சின்ன எக்ஸ்ரே மெஷின் ஒன்று சென்னையில் ஏலத்துக்கு வந்தது. அதை எடுத்து வந்து, பம்புசெட் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றும் மெக்கானிக் ஐயனாரோடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருஷம் இருவரும் ஒரே பைத்தியமாக இருந்தார்கள். ஒருநாள் தெரு முழுக்க ஃபியூஸ் போயிற்று. இன்னொரு நாள் ஐயனாரின் மீசை ஒரு பக்கம் கருகியது. 1966-ல் வேலை முடிந்தது. மெஷின் மூன்று தேக்குப் பெட்டிகளில் அடங்கும். ஜீப்பின் பின்னால் ஏறும். இரண்டு பேர் அரைமணி நேரத்தில் பூட்டிவிடலாம். மின்சாரத்துக்குப் பக்கத்துப் பம்புசெட் கொட்டகை போதும். படத்தைக் கழுவும் மருந்துத் தண்ணீரைப் பெரிய ஊறுகாய் ஜாடிகளில் ஊற்றி, எந்த வீட்டிலாவது ஜன்னலில்லாத அறையை இரவல் வாங்கிக் கழுவிக்கொள்வார்கள்.

ஜீப்பில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி எழுத வைத்தார். 'எக்ஸ்ரே உங்கள் ஊரிலேயே. தாலி கழற்ற வேண்டாம்.' இரண்டாவது வரியில் அவருக்கு மெஷினைவிடப் பெருமை. ஊர் ஊராகப் பொம்பளைகள் வரிசை கட்டி நின்றது அந்த வரியால்தான்.

கழற்றாமல் எப்படி எடுப்பது? தாலியைத் தோளுக்கு மேலாக முதுகுப்பக்கம் தள்ளிக்கொள்ளச் சொல்வார். சொல்லிவிட்டு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்வார். சேலைக்குள் கைவிட்டு அவர்களே சரிசெய்துகொண்டு, ஃபிலிம் வைத்த தகட்டில் நெஞ்சை ஒட்டி நிற்பார்கள். முதுகில் கிடக்கும் தாலி தகட்டிலிருந்து எட்டி இருப்பதால் அதன் நிழல் கலங்கலாக விழும். போதாததற்கு அது சக்தி குறைந்த மெஷின். இரண்டு விநாடி மூச்சை அடக்கவேண்டும், பாதிப்பேர் அடக்கமாட்டார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது படம் என்றால் நாற்பதில் அந்தக் கலங்கல் இருக்கும். பார்த்துப் பார்த்துப் பழகி, கையில் எடுக்கும்போதே "இது தாலி" என்று ஒதுக்கிவிடுவார். அந்தப் பழக்கத்தையும் ஒரு திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

1968 ஆவணியில் காளையார்கோவிலுக்குத் தெற்கே ஒரு ஊரில் முகாம். இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். பேர் முத்தழகு. இரண்டு மாதமாக இருமல். கூட வந்த புருஷன் பூமிநாதன், டைபாய்டு காய்ச்சலில் கிடந்து அப்போதுதான் எழுந்து நடமாடுகிறவன். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு தெரிந்தது. டாக்டர் வழக்கம்போலச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் ஈரப் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வலது தோளெலும்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நிழல்.

"ஒண்ணுமில்ல தாயி. நெஞ்சு சுத்தமா இருக்கு. இந்தா தெரியுதே, இது ஒன் தாலியோட நெழலு. சளிக்கு மருந்து தாரேன், போ."

முத்தழகு அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறவள் மாதிரி வாயைத் திறந்தாள். பிறகு கண் கலங்க, படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். தன்னைத்தான் கும்பிடுகிறாள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த தையில் டாக்டர்கள் சங்கத்தின் கூட்டம். ஞானசம்பந்தம் தன் மெஷினைப் பூட்டிக் காட்டினார். நாற்பது டாக்டர்கள். தாலி இருந்தால் படத்தை எப்படிப் படிப்பது என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல, எடுத்த படங்களைச் சேர்த்து வைத்திருந்த ஆல்பத்திலிருந்து முத்தழகின் படத்தை உருவி விளக்குக்கு முன்னால் பிடித்தார். "இது தாலி நிழல். ஒரு தடவை பார்த்துப் பழகிட்டா ஏமாற மாட்டீங்க." நாற்பது தலையும் ஆடின. அன்றைக்கே பதினோரு பேர் தங்களுக்கும் ஒரு மெஷின் செய்து தரச் சொன்னார்கள். ஐயனார் ஒரு கொட்டகை போட்டுப் பட்டறை ஆரம்பித்தார்.

பங்குனியில் முத்தழகை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். ரத்தமாகக் கக்கியிருந்தாள். அக்கம்மாள் என்கிற நர்ஸ் அவள் சேலையைத் தளர்த்தி, டாக்டர் ஸ்டெத்தை வைக்கக் குனிந்தபோதுதான் அவள் கழுத்தை அவர் முதல்முறையாகப் பார்த்தார். கயிற்றில் தங்கம் இல்லை. ஒரு துண்டு மஞ்சள் கட்டியிருந்தது.

"தாலி எங்க தாயி?"

"தாயமங்கலத்து ஆத்தா உண்டியல்லய்யா. இவுக காச்சல்ல கெடந்தப்ப நேந்துக்கிட்டேன். ஆடியில போயிப் போட்டுட்டேன்."

ஆடிக்கு அடுத்தது ஆவணி. படம் எடுத்த அன்றைக்கு அவள் கழுத்தில் பொட்டுத் தங்கம்கூட இல்லை. மஞ்சள் துண்டுக்கு எக்ஸ்ரேயில் அப்படி நிழல் விழாது.

"அப்பறம் நான் தாலி நெழலுன்னு சொன்னப்ப ஏன் தாயி சொல்லல?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். "நீகளே சொன்னீகளேய்யா. ஆத்தாளுக்குக் குடுத்த தாலி நெஞ்சுக்குள்ள வந்து நிக்கிதுன்னு நெனச்சேன். அவ ஏத்துக்கிட்டான்னு ஊரெல்லாம் சொன்னேன். இருமுறப்பல்லாம் அங்ஙன கைய வச்சுக் கும்பிட்டுக்குவேன்."

டாக்டர் எழுந்து உள்ளே போய், ஆல்பத்தை விரித்துப் பழைய படத்தைப் பார்த்தார். தங்கத்தின் நிழல் எவ்வளவு கலங்கினாலும் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். இது கஞ்சித்தண்ணி மாதிரி இருந்தது. மருத்துவப் படிப்பில் மூன்றாம் வருஷப் பையனுக்குக்கூடத் தெரிகிற வித்தியாசம். முகத்தைத் திருப்பிக்கொண்டது மரியாதை. படத்திலிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டதற்கு என்ன பேர்?

அப்போதே வெளியே வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் பார்த்தது நோய், தாலி இல்லை என்று நாலு வார்த்தை. வாய்வரை வந்தது. பட்டறையில் நாலு மெஷின் பாதி முடிந்து நின்றது. அவள் வேறு, அம்மன் பேரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பழியை அம்மன் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆல்பத்திலிருந்து அந்தப் படத்தை மட்டும் உருவி மேஜை டிராயரின் அடியில் போட்டுப் பூட்டினார்.

ஆனால் வைத்தியத்தில் குறை வைக்கவில்லை. ஊசி தொண்ணூறு, மாத்திரை ஒன்றரை வருஷம். ஒன்றுக்கும் காசு வாங்கவில்லை. முத்தழகு பிழைத்தாள். வலது நுரையீரலின் மேல்பாதி சுருங்கிப்போனது; நடவுக்குக் குனிந்தால் மூச்சு முட்டும், குடம் தூக்க முடியாது. ஏழு மாதம் முன்னால் ஆரம்பித்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். வருஷம் தவறாமல் அவள் ஒரு பரங்கிக்காயோடு வந்து, "என் உசுரக் குடுத்தவுக" என்று அத்தனை நோயாளிகளுக்கும் நடுவில் அவர் காலைத் தொட்டாள். ஒவ்வொரு தடவையும் அவருக்குச் செருப்பால் அடி வாங்குகிற மாதிரி இருந்தது. அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

பதினோரு மெஷினும் பதினோரு ஊருக்குப் போயின. காரைக்குடியில் மட்டும் அக்கம்மாளைக் கூட வைத்துக்கொண்டு, கழுத்தில் இருப்பதைப் பார்த்துச் சீட்டில் எழுதச் சொன்னார். மற்ற டாக்டர்களுக்கு ஒன்றும் எழுதவில்லை.

1974 வைகாசியில் முத்தழகு புதுத் தாலியோடு வந்தாள். மிளகாய் நன்றாக விளைந்து பூமிநாதன் செய்து போட்டது. படம் எடுக்க அக்கம்மாள் அதைக் கழற்றச் சொன்னாள்.

"கழட்ட வேண்டாம்னு அய்யாதேன் வண்டியிலயே எழுதி வச்சிருக்காக" என்று முத்தழகு மறுத்துவிட்டு, பழையபடி முதுகுப்பக்கம் தள்ளிக்கொண்டாள்.

படம் வந்தது. தன் நெஞ்சைத் தானும் பார்க்கவேண்டும் என்றாள். டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டினார். வலது பக்கம் இரண்டு நிழல், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. முத்தழகின் முகம் மலர்ந்தது.

"ரெண்டு தெரியுதேய்யா. ஒண்ணு இவுக செஞ்சது. இன்னொண்ணு ஆத்தாளுக்குக் குடுத்ததா? இதுல எது எது?"

பக்கத்தில் பூமிநாதன் கைகட்டி நின்றான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு பேரும் சந்தோஷமாக ஊருக்குப் போவார்கள். டாக்டர் டிராயரைத் திறந்து, அடியில் கிடந்த பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் மாட்டினார்.

"இந்த வெள்ளை, உன் புதுத் தாலி. கீழ இருக்கிறது நோய் ஆறின தழும்பு. பழைய படத்தில இருக்கிறதும் நோய்தான் தாயி. தாலி இல்ல. நான் தப்பாப் பார்த்துட்டேன்."

முத்தழகு இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அது எப்பய்யா ஒங்களுக்குத் தெரியும்?"

"நீ ரத்தம் கக்கிட்டு வந்த அன்னைக்கு."

அவள் விரலை மடக்கி வருஷத்தைக் கணக்குப் பார்த்தாள். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"தப்பு ஆருக்கும் வரும்யா. அஞ்சு வருசமா அந்த நெழலையும் கும்பிட வச்சு, ஒங்களையும் கும்பிட வச்சிட்டீகளே."

எழுந்தாள். முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். காலைத் தொடவில்லை. "வாங்க, பஸ்ஸு போயிரும்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, நாலு எட்டுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி மெதுவாக நடந்தாள். வாசலைத் தாண்டும்வரை டாக்டர் நின்றுகொண்டே இருந்தார்.

அன்று மத்தியானம் நோயாளிகளை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தார். பதினோரு டாக்டர்களுக்குப் பதினோரு கடிதம். எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றுதான். 'சங்கக் கூட்டத்தில் நான் உங்களுக்குக் காட்டிய நிழல் தாலியினுடையது அல்ல.' பதினோராவது தடவை எழுதும்போதும் அந்த வரியில் அவர் கை கூசி நின்றது.