கிறிஸ்துராஜ் அண்ணனுக்கு வரும் வெள்ளிக்கிழமை போன்

கிறிஸ்துராஜ் அண்ணனுக்குச் சாணார்பட்டிப் பக்கம் தோட்டம். விடியுமுன்பே செவ்வந்தி மூட்டையை எக்செல் வண்டியில் கட்டிக்கொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வருவார். அன்று பூவைப் போட்டுவிட்டு நேராக எங்கள் கடைக்கு வந்து, ஷட்டர் திறக்கும்வரை வாசலிலேயே நின்றிருந்தார். சட்டைத் தோளில் மஞ்சள் இதழ் ஒட்டியிருந்தது.

கடை சௌகத் அலி பாயுடையது. செல்போன் பழுது பார்ப்பது அவர் வேலை. கண்ணாடி ஒட்டுவதும் கவர் விற்பதும் என் வேலை.

"பாய், இது தானா அமருது, தானா எந்திரிக்குது. கம்பெனி பேரக் காட்டுது, பெறகு செத்துப் போகுது. நேத்துக் கறுப்பா என்னமோ பொடி எழுத்தெல்லாம் வந்துச்சு" என்று போனை நீட்டினார். இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

பாய் வாங்கி, பட்டனை அமுக்கினார். போன் சாதாரணமாகத் திறந்தது. சார்ஜரில் போட்டார், படம் ஓட்டினார், வேறு போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை.

"நல்லாத்தானய்யா இருக்கு?"

"ஒங்கள மாதிரி பெரிய ஆளுக கைல நல்லாத்தேன் இருக்கும். எங்கைக்கு வந்தா அழிச்சாட்டியம் பண்ணும்."

பாய் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை மட்டும் அமந்துறக் கூடாது பாய்" என்றார்.

ஏன் வெள்ளிக்கிழமை என்று பாய் கேட்டதால்தான் எனக்கும் தெரிந்தது. அவர் மனைவி கிளாரா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறார். அந்த அக்காவுக்குச் சொந்தமாகப் போன் இல்லை. வெள்ளி மதியம் வீட்டம்மா தன் போனைக் கொஞ்ச நேரம் கொடுப்பார். இங்கிருந்து திரும்ப அடித்தால் அந்தம்மா எடுக்கமாட்டார். வெள்ளியன்று மதியச் சோறு உண்டதும் அண்ணன் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிச் சுவர்மேல் ஏறி நின்றுகொள்வாராம். அங்குதான் டவர் நன்றாகக் கிடைக்கும்.

"போன வாரம் அடிச்சிருக்கும். எனக்குத்தேன் கெடைக்கல. வர்ற கிறிஸ்மசோட ரெண்டு வருசம் முடியுது. வந்துரு புள்ளன்னு சொல்லணும் பாய். அது இருக்கவான்னு கேக்கும். வேணாம், வந்துருன்னு சொல்லணும்."

பாதியில் நிற்கும் வீட்டுக்குக் கான்கிரீட் போடுவதற்காகத்தான் கிளாரா அக்கா போனது. பிள்ளை இல்லை. தோட்டத்துப் போர்க்கிணறு வறண்டு, மறுபடி போர் போட்டு, வீட்டுக்கு வைத்திருந்ததெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது. அண்ணனே போகிறேன் என்றிருக்கிறார். ஆண்களை வேலைக்கு எடுக்க ஏஜென்ட் யாரும் வரவில்லை, வீட்டு வேலைக்குப் பெண்களைத்தான் கேட்டு வந்தார்கள். சுவர்மேல் தகரம் போட்ட அந்த வீட்டில் தனியாகப் பொங்கித் தின்னப் பழகிவிட்டதாகச் சொன்னார். "கொழம்பு வெஞ்சனந்தேன் கைக்கு வரல. புளிய ஊத்துனா அதுக்குமேல உப்பு, உப்புக்குமேல தண்ணி. கடேசில ஒரு சட்டி ஆயிருது" என்றபோதுதான் முதல்முறை அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அடுத்த வாரம் மீண்டும் வந்தார். அந்த வெள்ளியும் பேச முடியவில்லை. தொட்டிச் சுவரில் நின்றபடி, திரையில் கம்பெனிப் பெயர் வருவதும் அணைவதும் வருவதுமாக இருட்டும்வரை பார்த்திருக்கிறார். பாய் பேட்டரியை மாற்றினார். சாப்ட்வேரையும் புதிதாக ஏற்றினார். ஒரு பகல் முழுக்க எங்கள் மேசையில் கிடந்த போன் ஒருமுறைகூட அணையவில்லை. எடுத்துப் போனவர், மறு வெள்ளிக்கிழமை முற்பகலில் கடை வாசலில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"வீட்டுக்குப் போனதும் அதே கததேன் பாய்."

பாய் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழக்கம்போல் அது ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கே எரிச்சல் வந்துவிட்டது. அந்த எரிச்சல் என் பக்கம் திரும்பியது.

"ஏம்மா, மூணு தடவ வந்துட்டாரு. மொட்டையா போனத் தூக்கிட்டு அலையிறாரு. ஒரு கவர் வாங்குங்கன்னு சொல்றதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?"

நான் எழுந்து, "அண்ணே, கவர் போட்டுத் தரவா? கீழ விழுந்தா ஒடஞ்சுரும்" என்றேன்.

"வேணாந் தாயி. கவர் இருக்கு." கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. போய், அங்கேயே நின்றது.

"இருந்தா போட வேண்டியதுதான? எங்க, எடும்" என்றார் பாய்.

அண்ணன் எடுக்கத் தயங்கினார். பாய் கையை நீட்டிக்கொண்டே இருந்ததால் வேறு வழியில்லாமல் எடுத்தார். முதுகு புடைத்த ரப்பர் கவர். பாய் அதைப் போனில் மாட்டினார். பின்பக்கம் மேடாக இருந்ததால் ஓரம் இழுபட்டு, பக்கவாட்டில் இருக்கும் பட்டனை இறுக்கிப் பிடித்தது. சிறிது நேரத்தில் திரை அணைந்தது. கம்பெனிப் பெயர் வந்தது. மீண்டும் அணைந்தது.

பாய் கவரை உருவி உள்ளே இருந்ததை மேசைக் கண்ணாடிமேல் கொட்டினார். வேளாங்கண்ணி மாதா டாலர் ஒன்று, கனமானது. நாலாக எட்டாக மடித்த அந்தோனியார் நவநாள் செபத்தாள்.

"ஏய்யா, போனுக்குப் பின்னாடி கோயிலே கட்டி வச்சிருக்கீரு! அது எப்பிடிய்யா மூச்சு விடும்?"

"டாலரு, அந்தப் புள்ள நல்லபடியா வந்து சேரணும்னு வச்சது பாய். அப்பத்தேன் போனு கோளாறாச்சு. சரி பண்ணிக் குடுங்கன்னு அந்தோனியாரையும் வச்சேன்."

பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியாகக் கவரின் அடியில் ஒட்டிக்கிடந்ததை நகத்தால் பிய்த்து எடுத்தார் பாய். பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததில் மிஞ்சிய படம். வெள்ளைப் பின்னணியில், தலையை அழுந்த வாரிய ஒரு பெண் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு அதைத் துணியால் துடைத்து அண்ணன் கையில் கொடுத்தார்.

"மூணு தடவையும் இதக் கழட்டி வச்சுட்டா வந்தீரு?"

"நாலு பேரு பாக்குற எடம். பொண்டாட்டி படத்த வச்சுக்கிட்டு அலையிறான்னு சிரிப்பாங்கல்ல."

ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டதால் பாய் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "இன்னக்கி வெள்ளி. வண்டில போகையில வந்துச்சுன்னா கேக்காது. இங்கயே உக்காரும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். அண்ணன் உட்கார்ந்தார். போன் முழங்காலில் இருந்தது. நான் கவர்களை நிறம்வாரியாக மாட்டிக்கொண்டிருந்தேன். வந்துரு புள்ள, வந்துரு புள்ள என்று அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

மணி அடித்தது. பதறி எடுத்தார். காதில் வைத்துப் பழக்கமில்லை போலிருக்கிறது, ஸ்பீக்கரிலேயே போட்டார்.

"கிளாரா! நாந்தேன்!"

"உசுரோட இருக்கீங்களா? ரெண்டு வாரமா அடிச்சு அடிச்சுப் பாத்துட்டேன். என்னென்னமோ நெனச்சுப்புட்டேன்."

"போனு கெட்டுப்போச்சு புள்ள. இப்ப சரியாப் போச்சு. நாஞ் சொல்றதக் கேளு..."

"மொத நாஞ் சொல்லிர்றேன், இந்தம்மா வாங்கிரும். ஊருக்குப் போறியா, இன்னும் ரெண்டு வருசம் இருக்கியான்னு கேட்டுச்சுங்க. உங்களக் கேட்டுச் சொல்றேன்னேன். போன வெள்ளிதேன் கடேசின்னுருச்சு. நீங்க எடுக்கல. இதெல்லாம் ஆள் விட்டா கேக்க முடியும்?"

"நீ என்ன சொன்ன?"

"இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அதுக்குள்ள கான்கிரீட்டும் போட்டுறலாம்ல."

நான் கையிலிருந்த கவரை மாட்டாமல் நின்றேன்.

"என்னங்க? எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

வெளியே பேருந்து நிலையத்துக்குப் போகும் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தார்.

"இதத்தேன் சொல்லியிருப்பேன். இருந்துட்டு வான்னுதேன்."

"நெசமாவா?"

"நெசந்தேன். எனக்கென்ன, வெஞ்சனமெல்லாம் நல்லா வருது இப்ப."

"போனுக்கு என்னவாம்?"

"என்னமோ பட்டனாம். பாய் சரி பண்ணிட்டாரு."

அந்தப் பக்கம் யாரோ அதட்டும் சத்தம். "அம்மா கேக்குது. வச்சிரட்டா?" என்றார் கிளாரா அக்கா.

"செத்த நேரம் இரு. பேச வேணாம், சும்மா இரு."

அக்கா வைக்கவில்லை. போனிலிருந்து பாத்திரம் உருளும் சத்தமும், ஏதோ ஒரு குழந்தை புரியாத பாஷையில் அழுவதும் கேட்டது. கிறிஸ்துராஜ் அண்ணன் குனிந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.