டவுன் சொல்லாத ஹால்வர்

அமெரிக்காவில் எங்கள் அயோவாக் கல்லூரியில் பட்டம் வாங்கிய முதல் நார்வேக்கார விவசாயி மகன் ஹால்வர் ட்வேட். பின்னாளில் எங்கள் ஊர்ப் பள்ளியில் எனக்குக் கணக்கு எடுத்தவர். அவருக்குப் பிறகு சோளக்காட்டிலிருந்து போய்ப் பட்டம் வாங்கியவன் நான் என்பதால் எழுதுகிறேன்.

1891இல் கல்லூரிக்குப் போனபோது அவர் ஆறடிக்கு மேல். திக்குவாய். 'ட' வந்தால் நாக்கு நின்றுவிடும். குடும்பப் பெயரையே சொல்ல முடியாது. கால்பந்து அணித்தலைவன் லைமன் பர்ச் தோள் அகலத்தை மட்டும் பார்த்துச் சேர்த்துக்கொண்டான்.

அந்தக் கால அமெரிக்கக் கால்பந்தில், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுபவனை எதிரணி அமுக்கினால் அவனே "டவுன்" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் ஆட்டம் நிற்கும். அதுவரை எதிரிகள் மேலே விழலாம். சொந்த ஆட்கள் அவன் கால்சட்டையில் தைத்த தோல்பிடியைப் பற்றி முன்னால் இழுக்கலாம்.

முதல் ஆட்டத்திலேயே ஹால்வரை அமுக்கினார்கள்.

"ட... ட..."

"சொல்லித் தொலைடா, எனக்கே மூச்சு முட்டுது," என்றான் மேலே கிடந்தவன்.

"அவசரமில்ல ஹால்வர், நிதானமா சொல்லு," என்றபடி லைமன் இழுத்துக்கொண்டே போனான். சொல் வருவதற்குள் எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள்.

'பணியாத வீரன்' என்று பத்திரிகைகள் எழுதின. நான்கு வருடம் ஆடியதில் விலா எலும்பு இரண்டு உடைந்தது, காது கிழிந்தது.

கடைசி வருடம்தான் சிக்கல். பட்டம் வேண்டுமானால் மேடையேறிப் பேசியே ஆக வேண்டும். கல்லூரி முதல்வர் கொடுத்த தலைப்பு, டியூட்டி.

"முதல்வர்கிட்ட நான் பேசறேன்டா. எழுதிக் குடுத்தா போதும்னுடுவாரு," என்றான் லைமன்.

"வேணாம். பந்துக்காகக் குடுத்த டி... டிகிரின்னு ஊர்ல சொல்வாங்க."

பட்டமளிப்பு அன்று அரங்கின் பின்வரிசையில், ஆங்கிலம் தெரியாத அவர் அப்பா தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மேடையில் ஹால்வர், "டி... டி..." என்று நின்றார். பெண்கள் விசிறியைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அவன் இன்னும் டவுன் சொல்லல. இழுங்கடா," என்றது லைமனின் குரல்.

அரங்கம் சிரித்தது. ஹால்வரும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு சொல் நழுவி வந்துவிட்டது. ஐந்து நிமிடப் பேச்சு அரைமணி நேரம் ஓடியது. யாரும் எழுந்து போகவில்லை.

பட்டத்தோடு இறங்கியவரிடம் அப்பா நார்வேய மொழியில் கேட்டார்: "இவ்வளவு நேரம் எதைப் பத்திடா பேசினே?"

"கடமையைப் பத்தி." வீட்டு மொழியில் அந்தச் சொல்லுக்கு 'ட'வில் தொடக்கம் இல்லை, திக்காமல் வந்தது.

"அதான் ஒரே வார்த்தையில சொல்லிட்டியே. வா, பன்னிங்களுக்குத் தீனி நேரம் தாண்டிப்போச்சு."