புளியமரத்து மேல இறங்கின மின்னல்

எனக்கு வயசு எண்பத்தி நாலு. பெத்தது அஞ்சு, நாத்தனார் விட்டுப்போனது ஒண்ணு, ஆறையும் வளத்து ஆளாக்கினேன். தர்மபுரியில எங்க வூட்டுக்காரர் போட்டோ ஸ்டுடியோ வெச்சிருந்தார். இருட்டறை வேலை பூரா என்னுது. பிலிம் கழுவுற மருந்து வாசம் சோறு பிசைஞ்சாலும் கையை விட்டுப் போகாது.

மின்னல் படமும் நான் எடுத்ததுதான். ஷோகேஸ்ல அதை வெச்சா ஜனம் நிக்கும், நின்னவங்க உள்ள வருவாங்கன்னு அவர் நெனைப்பு. ஆனா மனுசனுக்கு இடின்னா பயம். கோடையில வத்தல்மலைப் பக்கம் கறுத்தாப் போதும், ஜெபமாலையோட கட்டில்ல ஏறிக்குவார். "மேரி, நீ போய் எடுத்துட்டு வா"ம்பார். மொட்டைமாடியில ஸ்டாண்டைப் போட்டு, கேமராவுக்குக் குடை புடிச்சிக்கிட்டு, ஷட்டர் தானா மூடிக்காம 'பி'யில திறந்து வெச்சுக் காத்துக் கிடப்பேன். மின்னல் வெட்டினதும் மூடணும். பாதிப் படம் வெறும் இருட்டாத்தான் வரும். நனைஞ்சது மட்டும் மிச்சம்.

வருசம் எழுபத்தி ரெண்டோ மூணோ, ஒரு வைகாசி. விளக்கு வெக்கிற நேரத்துல ஏரிக்கரைப் புளியமரத்து மேலயே இறங்குச்சு. கிளை கிளையா அப்படி ஒரு மின்னல், அதுக்கப்புறம் எனக்கு அமையலை. மழைக்கு அந்த மரத்தடியில ஒதுங்கின ஆள் செத்துட்டார்னு மறுநாள் தெரிஞ்சுது. படம் வேண்டாம்னேன். அவர் கேக்காம ஷோகேஸ்ல வெச்சுட்டார்.

கொஞ்ச நாள்ல ஒரு பொம்பளை வந்தா. "அக்கா, செத்தவரு பொஞ்சாதிங்க நானு."

திட்டப் போறான்னு நெனைச்சு, "எடுத்துடறேம்மா"ன்னேன்.

"எடுத்துடாதீங்க. அவரு ஒரு போட்டோகூட புடிச்சுக்கிட்டதில்லீங்க. காரியத்துக்கு மாலை போட மொவம் வேணுங்களே. இதுல அவரு இருக்காரா, பார்த்துச் சொல்லுங்க."

அப்பல்லாம் செத்தவங்களை நாற்காலியில சாய்ச்சு வெச்சுப் படம் புடிக்க எங்களைத்தான் கூப்பிடுவாங்க. இடி விழுந்த உடம்பை வெச்சிருக்கக் கூடாதுன்னு இவங்க ஊர்ல உடனே பொதைச்சுட்டாங்களாம்.

லென்சு வெச்சுப் பார்த்தேன். மரத்தடியில இருட்டுதான். இருந்தாலும் அவ நின்ன நிலையைப் பார்த்துட்டு இருட்டறைக்குப் போய், அடிமரத்தை மட்டும் எவ்வளவு பெருசாக்க முடியுமோ அவ்வளவு பெருசாப் போட்டேன். ராகி மாவைக் கொட்டினாப்பல புள்ளி புள்ளியா வந்துச்சு. நடுவுல வெள்ளையா ஒரு தீத்தல்.

அவ விரலை வெச்சா. "இதா, துண்டு! தோள்ல துண்டு போட்டுத்தான் நிப்பாரு. இது அவருதானுங்களே அக்கா?"

வேரோ, கல்லோ, எனக்கு எப்படித் தெரியும்? "அவரோட வாழ்ந்தவ நீ. உனக்குத் தெரியாததா"ன்னேன். ஈரம் காயறதுக்குள்ள வாங்கி முந்தானையில சுத்திக்கிட்டுப் போயிட்டா.

"புளிய வேருக்கு மாலை போட வெச்சுட்டியே"ன்னு வூட்டுக்காரர் சிரிச்சார்.

"மீசை மொளைக்காத மாப்பிள்ளைக்கெல்லாம் நீங்க டச்சிங்ல பென்சில் வெச்சு மீசை வரையலை?"



இந்தத் தொழிலுக்கு வர்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான். படத்துல யார் இருக்காங்கன்னு எடுத்தவ முந்திக்கிட்டுச் சொல்லக் கூடாது. தேடி வந்தவங்க சொல்லட்டும்.

இடுப்பு நோவுது, இதுக்கு மேல முடியலை. ஸ்டெல்லா கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா சத்தமா வாசி. அந்தப் பொம்பளை பேசினது அவ பேசினாப்பலயே வந்திருக்கான்னு கேக்கறேன்.