இரண்டாவது ஜாய்ஸ்டிக்

பல்லடத்து மனோஜ்குமார் கதை சொல்கிற ஆள் இல்லை. பேசச் சொன்னாலே நாலு வார்த்தைக்கு மேல் வராது. இதை நான் அவனிடம் வெவ்வேறு வருடங்களில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஒரு சொல் மாறியதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதில் வருகிற சஹீர் பாயும் இன்னும் கோயம்புத்தூரில்தான் இருக்கிறார். அவரிடம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அதுவே எனக்குப் போதுமான சாட்சி.

தொண்ணூற்றொன்பதாம் வருடம். மனோஜ்குமாருக்கு அப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணிக்கு டிசைன் போடுகிற வேலை. சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டில் உட்கார்ந்து வெளி ஆர்டரும் எடுக்கலாம் என்பது அவன் யோசனை. கல்லூரியில் முதல் வருடம் படித்த அவன் தம்பி அருள்குமாருக்கு வேறு யோசனை. அவனுக்குக் கார் ரேஸ் ஓட்ட வேண்டும். சோற்றுத் தட்டு முன்னால் உட்கார்ந்தாலே இருவருக்கும் இதே பேச்சுதான். ராம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எவ்வளவு, கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா வேண்டாமா.

"ரெடிமேடா வாங்குனா ஏமாத்திப்போடுவாங்கண்ணா. ஒவ்வொரு பாகமா நாமளே பாத்து எடுத்து மாட்டோணும்" என்பான் அருள். மற்றதில் எல்லாம் இறங்கி வந்தாலும் ஸ்பீக்கரில் மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவே இல்லை. பெரியதாக வேண்டும். எதிர்வீட்டுக்காரர் எழுந்து வந்து சண்டை போட வேண்டும்.

அந்தத் தை மாதம் அருள் செத்துப்போனான். கோயம்புத்தூரிலிருந்து பைக்கில் வரும்போது, காரணம்பேட்டைக்குப் பக்கத்தில். பட்டப்பகல். எதிரே வண்டி வரவில்லை. ரோட்டில் பள்ளம் இல்லை. வண்டி சாய்ந்தது, அவ்வளவுதான் என்றார்கள்.

மனோஜ்குமார் அழவில்லை. அழுகை வரும் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உடம்பு முழுவதும் அப்படி இருந்தது. அம்மா பழனியாத்தாள், பெருந்துறையில் தன் தங்கை வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அப்பா திருமலைசாமி கோழிப்பண்ணையே கதி என்று கிடந்தார். அருள் ஓட்டிய பைக்கையே ஹேண்டிலை நிமிர்த்தி மனோஜ்குமார் ஓட்டினான். வேறு வண்டி வாங்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் கம்பெனியை விட்டுக் கிளம்பியவன் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோயம்புத்தூருக்கு வண்டியை விட்டான். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

காந்திபுரத்தில் நூறடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்து. மாடியில் சஹீர் பாயின் கடை. கம்பெனியில் ஒருவர் சொல்லித்தான் தெரியும், அதற்கு முன் அங்கே போனதில்லை. சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள். நடுவில் ஒரு மேஜை, அதன் மேல் கழற்றிப் போட்ட ஒரு கம்ப்யூட்டர்.

"வாங்க, வாங்க" என்று சஹீர் பாய் எழுந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சிரித்த முகம். ஒரு ஸ்டூலை மனோஜ்குமாருக்கு இழுத்துப் போட்டார். பக்கத்தில் இன்னொரு ஸ்டூலையும் போட்டார்.

"உக்காருங்க. கூட வந்தவங்களையும் உக்காரச் சொல்லுங்க."

மனோஜ்குமார் திரும்பிப் பார்த்தான். படியில் யாரும் இல்லை. வேறு யாரையாவது நினைத்துச் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டான்.

"என்ன வேலைக்குங்க?"

"டிசைன் போடோணும். ஆட்டமும் ஆடோணும்."

"அப்ப பிராசஸர்ல கொஞ்சம் குறைச்சு, ராம்ல போடுங்க. ஒரே நேரத்துல நாலஞ்சு வேலையைத் திறந்து வெச்சா முப்பத்திரண்டு எம்.பி. திணறும். அறுபத்திநாலு போட்டுக்கலாம். ஆட்டத்துக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு. அதில்லாம கார் ரேஸ் போட்டீங்கன்னா மாட்டுவண்டி மாதிரிதான் ஓடும்."

அருள் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். மனோஜ்குமார் தலையை ஆட்டினான். சஹீர் பாய் ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தார். மதர்போர்டை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து வைத்தார். பிராசஸரை அதன் இடத்தில் அமர்த்தினார். ஃபேனை மாட்டினார்.

டீ வந்தது. இரண்டு டம்ளர். ஒன்றை இவன் முன்னால் வைத்தார். மற்றதை அடுத்த ஸ்டூலுக்கு நேராக வைத்தார்.

"சவுண்டு கார்டு போட்டர்றேன். ஸ்பீக்கர்..." என்றவர் நிறுத்தினார். பக்கத்து ஸ்டூலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "சரிங்க. வேண்டாம்னா விட்டர்லாம்."

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே" என்றான் மனோஜ்குமார்.

"நீங்க இல்லீங்க. அவங்க சொன்னாங்க. சத்தம் ஆகாதாம். ஆனா ஜாய்ஸ்டிக் ரெண்டு வேணும்ங்கறாங்க. ரெண்டையும் சேத்துச் சொருகறதுக்குக் கேபிள் தாரேன்."

மனோஜ்குமார் அந்த ஸ்டூலைப் பார்த்தான். வெறும் ஸ்டூல். மேலே ரெக்சின் கிழிந்திருந்தது.

நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும். அடிக்கவில்லை. ஒன்று மட்டும் தோன்றியது. தம்பி வந்திருக்கிறான். அவன் கம்ப்யூட்டரை அவனே பார்த்து எடுக்க வந்திருக்கிறான்.

கேட்டிருக்கலாம். பாய், யார் உட்கார்ந்திருக்கிறது, எப்படி இருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் கலைந்துவிடும் என்று பயந்தான். ஸ்பீக்கர் வேண்டாம் என்றது மட்டும் உறுத்தியது. செத்த பிறகு சத்தம் பிடிக்காமல் போகுமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டான்.

சாயங்காலத்துக்குள் எல்லாம் மாட்டி முடிந்தது. கேபினெட்டை மறுபடி பெட்டியில் போட்டு, "மானிட்டரோட சேத்துத் திங்கக்கிழமை வேன்ல அனுப்பறேன்" என்றார் சஹீர் பாய். பிறகு இவன் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "அட, மடியில வெச்சுப் பிடிச்சுக்கறேங்கறாங்க. அப்ப இதை இப்பவே எடுத்துட்டுப் போங்க. மானிட்டர் மட்டும் வேன்ல வரட்டும்."

மனோஜ்குமார் பெட்டியைப் பின்சீட்டில் வைத்தான். கயிறு கட்ட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. சூலூர் தாண்டித்தான் அது உறைத்தது. ஆடிக் காற்று பைக்கை ரோட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. எதிரே வந்த லாரிகள் குலுக்கிவிட்டுப் போயின. கட்டாத பெட்டி, முதுகில் சாய்ந்து, அப்படியே உட்கார்ந்திருந்தது. காரணம்பேட்டை வந்தபோது வண்டியை மெதுவாக்கினான்.

"அருளு, இங்கதான்டா" என்றான், திரும்பாமல்.

பிறகு மறுபடி வேகமெடுத்தான்.

மானிட்டர் வந்ததும் அருளின் அறையில் எல்லாவற்றையும் மாட்டினான். இரண்டு நாற்காலி போட்டான். வேலை முடிந்து வந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் கார் ரேஸைத் திறப்பான். திரை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரியும். மேலே இவன் கார். கீழே இரண்டாவது கார். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை அடுத்த நாற்காலிக்கு நேராக வைப்பான்.

முதல் நாள் கீழே இருந்த கார் கிளம்பவில்லை. இரண்டாம் நாளும் இல்லை.

மூன்றாம் நாள் கிளம்பியது.

"வாடா" என்றான் மனோஜ்குமார்.

டக்... டக்... என்று ஜாய்ஸ்டிக்கின் பொத்தான் அமுங்குகிற சத்தம். ஸ்பீக்கர் இல்லாததால் அந்த அறையில் அது ஒன்றுதான் சத்தம். அப்பா ஒரு தடவை வாசலில் நின்று, "யார்கிட்டக் கண்ணு பேசற?" என்றார். "ஆட்டம்ங்கப்பா" என்றான். அவர் போய்விட்டார்.

அருள் விளையாடுகிற விதம் அவனுக்குத் தெரியும். நண்பன் வீட்டில் இருவரும் ஆடியிருக்கிறார்கள். அருள் முந்தப் பார்ப்பான். வேண்டுமென்றே வந்து இடிப்பான். இந்தக் கார் முந்தவில்லை, இடிக்கவும் இல்லை. இவன் காருக்குப் பின்னாலேயே வந்தது. இவன் வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுத்தது. ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாம் என்று இவன் ரோட்டின் நடுவில் நிறுத்தினான்.

அதுவும் பின்னால் வந்து நின்றது.

அப்படியே நின்றுகொண்டிருந்தது.

தம்பி மாறிப்போய்விட்டான் என்று நினைத்தானே தவிர, மனோஜ்குமாருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தினமும் நாற்காலி போட்டான். அறைக் கதவைச் சாத்தாமல் தூங்கினான்.

ஆவணி பிறந்திருந்தது. மானிட்டரில் படம் நடுங்க ஆரம்பித்தது. ஃபோன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சஹீர் பாய் பஸ் ஏறி வந்து இறங்கினார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "அவங்க ஊட்ல இல்லீங்களா?"

"இருப்பான்" என்றான் மனோஜ்குமார்.

சஹீர் பாய் ஒரு மாதிரி பார்த்தார். உள்ளே வந்தவர் கூடத்துச் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்து நின்றார்.

"இது யாருங்க?"

மனோஜ்குமாருக்கு முதன்முதலாக ஏதோ இடறியது. "தெரியலீங்களா பாய்? என் தம்பி. அன்னைக்கு என்கூடக் கடைக்கு வந்தது."

"இந்தப் பையனா? இவரை நான் பாத்ததே இல்லீங்களே."

"ஸ்டூல்ல உக்காந்திருந்தது..."

"அது ஒரு அம்மாங்க."

பத்து வயதுப் பையன் கடைக்கு வந்தாலும் சஹீர் பாய் 'அவங்க' என்றுதான் சொல்வார். நம் ஊர் மரியாதை அது.

"உங்க சம்சாரம்னு முதல்ல நெனச்சேன். வயசு கூட இருந்துது. அக்காவா இருக்கும்னு விட்டுட்டேன்." சஹீர் பாயின் குரல் இறங்கியது. "நாப்பது வயசு. ஒல்லியா. பச்சைச் சேலை. உங்க தோள்ல வெச்ச கையை எடுக்கவே இல்லீங்க. வண்டியில ஏறும்போதுதான் பாத்தேன். ஒரு கால்லதான் செருப்பு இருந்துது."

திறந்திருந்த அறைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

டக்.

கம்ப்யூட்டர் அணைத்துத்தான் இருந்தது.

டக்... டக்...

அப்போதுதான் வந்தது. அத்தனை மாதமாக எதுவும் எட்டாத உடம்பில், காலிலிருந்து தலைவரை, பயம். வாய் கோணியது. அழுகையும் கூடவே வந்தது. அருள் இல்லை. அருள் வரவே இல்லை. அந்த நாற்காலியில் ஒரு நாளும் அவன் உட்காரவில்லை.

பண்ணையிலிருந்து அப்போதுதான் வந்த திருமலைசாமி வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் வீட்டைப் பூட்டச் சொன்னார். சட்டைகூட மாற்றவிடவில்லை. "பைக்கைத் தொடாதே" என்றார். மூன்று பேரும் நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். சஹீர் பாய் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறிப் போனார்.

பெருந்துறையில் சித்தி வீட்டில் விளக்கெல்லாம் போட்டு, ஆட்கள் நடுவில் உட்கார்ந்த பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார். அம்மாவுக்கும் அதுவரை தெரியாது.

"போலீஸ்ல அருளோட வாட்ச்சும் பர்ஸும் குடுத்தாங்க. கூட ஒரு செருப்பும் குடுத்தாங்க. பொம்பளைச் செருப்பு. ஒத்தைச் செருப்பு. பையன் பேரு கெட்டுப்போயிரும்னு வாய்க்கால்ல வீசிப்போட்டேன்."

அப்பா சொம்புத் தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"அங்க ஒரு டீக்கடைக்காரர் கண்ணால பாத்திருக்கார். வண்டி உழுந்ததும் பின்னாடி உக்காந்திருந்த அம்மா எந்திரிச்சுதாம். அருளைத் திரும்பிக்கூடப் பாக்கலயாம். சேலையை உதறிப்போட்டு, ரோட்டு ஓரமா நடந்து போயிருச்சாம்."

"எந்தப் பக்கம்ங்கப்பா?" என்றான் மனோஜ்குமார்.

திருமலைசாமி மகனைப் பார்க்கவில்லை.

"நம்ம ஊட்டுப் பக்கம்" என்றார்.