உறைக்கு அடியில்

ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கூட்டத்தோடு அமெரிக்காவின் மாண்டானா மாநிலம் முழுக்கச் சுற்றுகிற ஆர்டிஸ் கியோஸுக்கு ஆடுகளிடம் எந்த அருவருப்பும் கிடையாது. ரோமத்தின் பிசுபிசுப்பும், பயந்த ஆடு மடியிலேயே பெய்துவிடும் மூத்திரமும் அவளை முகம் சுளிக்க வைத்ததில்லை. மனிதர்கள்தான் அவளுக்குக் குமட்டும். கத்தரிப்புக் காலத்தில் ஏழெட்டு ஆண்களோடு அவளும் ஒரே படுக்கை வண்டியில் தூங்கியாக வேண்டும். அடுப்புக்கு மேலே ஈரக் காலுறைகள் தொங்கும். ஜன்னலோரத்தில் புகையிலை எச்சில் துப்பிய கோப்பை இருக்கும். போன வசந்தத்தில் அரைத் தூக்கத்தில் தன் காபி என்று நினைத்து அதை எடுத்து வாயில் வைத்துவிட்டாள்.

வாயைக் கழுவிவிட்டு நேராகக் கூட்டத் தலைவன் ராஸ்கோவிடம் போனாள். "அடுத்த வருஷம் எனக்குன்னு தனிப் படுக்கை இருந்தா வருவேன். இல்லன்னா நீங்களே கத்தரிச்சுக்குங்க."

இப்போது பனி உருகத் தொடங்கிவிட்டது. முதல் பண்ணைக்குப் போக ஒரு வாரம்கூட இல்லை. அவளுடைய பிக்கப் வண்டியின் பின்பக்கச் சரக்குப் பெட்டி இன்னும் திறந்தே கிடந்தது. அதன் மேல் கவிழ்த்து மாட்ட ஒரு மேல்கூடு வேண்டும். அதற்குள் படுத்துக்கொள்வாள்.

தம்பி கேலனைக் கூட்டிக்கொண்டு பழைய கூடு விற்பவர்களைத் தேடி அலைந்தாள். முதல் ஆள் தன் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த ஒன்றைக் காலால் தட்டிக் காட்டினான்.

"பெரிய வண்டி எதுக்கும் இது உட்காரும்மா."

"உட்காருமா, தொங்குமா?" அளவு நாடாவை எடுத்துக் கூட்டின் அடிவிளிம்பில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய வண்டியை அவள் பெட்டியின் தரையில் அளந்திருக்கவில்லை. கூடு எங்கே உட்காருமோ அந்தப் பக்கச்சுவர்களின் தலையில் அளந்திருந்தாள்.

"ஒரு அங்குலம்தானே அக்கா அகலம் கூட," என்றான் கேலன்.

"அந்த ஒரு அங்குலத்துல மழை வரும், எலி வரும். குளிருச்சுன்னா நீயும் வருவ."

அளவு சரியாக இருந்த கூடு வேட்டைநாய்களை ஏற்றிச் சென்ற ஒருவனுடையது. தலையை உள்ளே விட்டவள் உடனே வெளியே இழுத்துக்கொண்டாள். கூரையின் உட்புறம் ஒட்டியிருந்த கம்பளித் துணியில் நாய் மயிரும் எச்சிலும் அழுகிய மீன் இரையும் சேர்ந்து ஊறியிருந்தன. மூக்கைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு மறுபடி நுழைந்தாள். மூலைகளை அழுத்திப் பார்த்தாள். கீல்களை ஆட்டினாள். பின்கதவு உள்ளிருந்தும் திறக்கிறதா என்று சோதித்தாள்.

"இதையா எடுக்கப் போற?" கேலனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நாத்தத்தைச் சுரண்டிடலாம். கோணலை என்ன பண்றது?"

துணியைக் கிழித்து எரித்தாள். பசையைச் சுரண்டினாள். வினிகர் ஊற்றித் தேய்த்து, இரண்டு நாள் காற்றில் கவிழ்த்து வைத்தாள். அப்புறம்தான் வண்டிப் பக்கம் திரும்பினாள்.

வண்டியின் சரக்குப் பெட்டிக்குள் கறுப்புப் பிளாஸ்டிக் உறை ஒன்று தொட்டி மாதிரி பொருந்தியிருந்தது. வாங்கும்போதே கூட வந்தது. அந்த ஊர்ப்பக்கம் எல்லோரையும் போல அவளுக்கும் அதில் பெருமை உண்டு. ஞாயிறுதோறும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவாள். அதன் உதடுகள் பக்கச்சுவர்களுக்கு மேல் மடிந்து கிடந்தன.

"அது மேலேயே கூட்டை வெச்சு முடுக்கிடுவோம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க," என்றான் கேலன்.

"பிளாஸ்டிக் நழுவும். கிளாம்பு தளர்ந்துடும். இரும்பு மேலதான் உட்காரணும்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். சேற்றிலிருந்து கால் எடுப்பதுபோல ஒரு சத்தத்தோடு உறை எழும்பியது. முதலில் வந்தது நாற்றம். நாய்க் கூடு அதற்கு முன்னால் பூக்கடை. கறுத்துக் கூழாகிப்போன வைக்கோல், புழுக்கை, அதில் தட்டையாகப் பதிந்த எலிகள். முன்மூலையில் இரும்பு துருப்பிடித்து அப்பளமாகப் பொரிந்திருந்தது. அவள் விரல் வைத்தாள். விரல் உள்ளே போய்விட்டது.

அவள் கையை உதறிவிட்டு வேலியோரம் போய்க் குனிந்து நின்றாள். வாந்தி வரவில்லை. வந்திருந்தால் தேவலாம். அந்த உறை மேல் உட்கார்ந்து எத்தனை ரொட்டி தின்றிருக்கிறாள்!

"மேல கழுவிக் கழுவி, அந்தத் தண்ணியெல்லாம் அடியில விட்டு ஊற வெச்சிருக்கேன்," என்றாள். "எச்சில் கோப்பைக்காரன் எவ்வளவோ மேல். அவன் தெரிஞ்சே துப்பினான்."

"திருப்பி மூடிடுக்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"மேல படுக்கறவளுக்குத் தெரியும்டா, மடையா."

அன்று மாலை ராஸ்கோ தொலைபேசியில் கூப்பிட்டான். "உன் பழைய கட்டில் அப்படியே இருக்கு ஆர்டிஸ். வேணும்னா காலுறையெல்லாம் எடுத்துடச் சொல்றேன்." அவள் தொலைபேசியை வைத்துவிட்டு வண்டிக்குப் போனாள்.

கூழை மண்வெட்டியால் வழித்தாள். துருவை வெட்டி, நல்ல இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தாள். ஓட்டைக்குத் தகடு வைத்து ரிவெட் அடித்து, விளிம்பெல்லாம் பசை பூசி, வர்ணம் அடித்தாள். அது காயும்வரை கேலனைக் கிட்டே விடவில்லை. பக்கச்சுவர்களின் தலையைத் துடைத்து, தண்ணீர் நுழையாமலிருக்க நுரைப் பட்டை ஒட்டினாள். காற்று மழையை முன்பக்கம்தான் அறையும். அதனால் பட்டையின் இணைப்பைப் பின்பக்கம் வைத்தாள். கூட்டை இறக்கி, எதிரெதிர் மூலையாகக் கிளாம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள்.

பிறகு உள்ளே போய் வெறும் தகட்டில் மல்லாந்து படுத்துக் கதவைச் சாத்தினாள்.

"முன்னாலேருந்து தண்ணியைப் பீய்ச்சு. வண்டி ஓடற மாதிரி."

கேலன் குழாயைத் திறந்தான். தண்ணீர் கூரையில் படபடத்தது. அவள் ஒவ்வொரு மூலையாக விரலால் தடவினாள். காய்ந்தே இருந்தது.

"ஒழுகுதா?"

"இல்ல."

"அப்ப நிறுத்தவா? கை விறைச்சுப் போச்சு."

"கையை மாத்திப் பிடி."

படுத்தபடியே கைப்பேசியில் ராஸ்கோவைக் கூப்பிட்டாள்.

"என்ன சத்தம் அங்க?" என்றான் அவன்.

"மழை."

"இங்க வெயில் அடிக்குதே."

"அடிக்கட்டும். திங்கக்கிழமை வரேன். காத்து எந்தப் பக்கத்துலேருந்து வீசுதுன்னு பார்த்து, உங்க நாத்தம் என் பக்கம் வராம, உங்களுக்கெல்லாம் முன்னால என் வண்டியை நிறுத்திக்குவேன். அந்த இடத்தைக் காலியா வை."