லாந்தர் ஆடாத மதகு

ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலம் அது. பூனாகலைத் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வதெல்லாம் மாட்டு வண்டியில்தான். அந்த வண்டிக்காரர்களில் இராசையாவின் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. மழை விட்ட மறுநாள் வண்டிப்பேட்டையில் எல்லோரும் அவரிடம்தான் ரோட்டைப் பற்றிக் கேட்பார்கள்.

ஓவசியர் குதிரையில் வந்து, ரோட்டை மேலாகப் பார்த்து, எழுதிக்கொண்டு போவார். இராசையா கண்ணால் பார்ப்பதை நம்பமாட்டார். வண்டிக்கு அடியில் தொங்கும் லாந்தரின் சத்தம், உட்கார்ந்த பலகை முதுகில் இடிக்கிற இடி, இடது மாட்டின் காது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது, இவற்றை வைத்துச் சொல்லுவார்.

"எட்டாங் கட்டையில நாக்க உள்ள வெச்சுக்கிட்டுப் போங்கடா. இல்லாட்டி வீட்டுக்கு ஊமையாத்தான் போவீங்க" என்று அவர் சொன்னால், எட்டாவது மைல் கட்டையில் பல்லோடு பல் அடிக்கும்.

அந்த ரோட்டில் வண்டிக்காரர்களுக்குள் இரண்டு அடையாளங்கள் உண்டு. பச்சைக் கொப்பை ஒடித்துக் குறுக்கே போட்டிருந்தால், முன்னால் ஆபத்து, போகாதே என்று அர்த்தம். சாட்டைக் கம்பை நட்டு அதில் தலைத்துண்டைக் கட்டியிருந்தால், வண்டிக்காரன் பக்கத்தில்தான் எங்கேயோ ஒதுங்கியிருக்கிறான், இப்போது வந்துவிடுவான் என்று அர்த்தம். இராசையாவுக்கு அது மூச்சு விடுவதுபோலப் பழகிய விஷயம்.

அந்த வருஷம் ஐப்பசியில் அவருடைய ஒரே மகள் செபஸ்தியம்மாவுக்கு மூன்று நாள் வலி எடுத்தும் பிள்ளை பிறக்கவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மருமகன் தேவதாசன் அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே பெண் குழந்தை பிறந்தது. சேதி வந்த அன்று இராசையா லயம் லயமாகப் போய்ச் சர்க்கரை கொடுத்தார். மாடுகளுக்கும் ஆளுக்கொரு கட்டி வெல்லம் வைத்தார்.

ஆனால் டாக்டர் ஒன்றைச் சொல்லி அனுப்பியிருந்தார். உள்ளே தையல் போட்டிருக்கிறது. உடம்பு குலுங்கக்கூடாது. குலுங்கித் தையல் பிரிந்தால் பிறகு காப்பாற்ற முடியாது.

பண்டாரவளையைத் தாண்டித் தோட்டத்துக்கு வரும் வழியில், ஒற்றைச் சவுக்கு மரத்தடியில் ரோடு இரண்டாகப் பிரிந்து, தோட்டத்துக்கு முன்னால் மறுபடி சேரும். மேல் ரோடு இரண்டு மைல் பழைய கல் ரோடு. ஏறினால் எலும்பு கழன்றுவிடும். கீழ் ரோட்டில் அரை மைல் தூரத்துக்குப் புதிதாக மண் நிரப்பி, ஊற்றுத் தண்ணீர் போக ஒரு மதகும் கட்டி, மேலே சல்லி பரப்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

மகள் வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் இராசையா பெட்டி ஏற்றிக்கொண்டு கீழ் ரோட்டில் போனார். லாந்தர் ஆடவே இல்லை. பலகை இடிக்கவே இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எதிரே வெறும் வண்டியோடு தோட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தான் பிலிப்பு. அவரோடு பத்து வருஷமாக ஓட்டுகிறவன்.

"எப்பிடிண்ணே ரோடு?"

"வெண்ணெய் மாதிரி இருக்குடா. கிண்ணத்துல பால வெச்சாலும் சிந்தாது."

"பேத்தி வந்ததும் ஒங்க வாயிலயும் வெண்ணெய் ஒட்டிருச்சு" என்று சிரித்துக்கொண்டே போனான் பிலிப்பு.

அன்று சாயங்காலம், இராசையா அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிடும் பதுளை வண்டிக்காரர் ஹாஷிம், செபஸ்தியம்மாவையும் குழந்தையையும் தேவதாசனையும் பண்டாரவளைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஹாஷிமின் வண்டி கூண்டு வண்டி. அடியில் அரிசி மூட்டை அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பியிருந்தார். பாரம் ஏறிய வண்டி குலுங்காது, அதனால் மகள் அதிலேயே வரட்டும் என்று இராசையா முடிவு செய்தார். தான் வெறும் வண்டியோடு முன்னால் போய் வெந்நீர் போடச் சொல்லலாம் என்று நினைத்தார்.

"கீழ் ரோட்டுலயே வாங்க நானா. வெண்ணெய் மாதிரி இருக்கு, நான் பாத்துட்டேன்."

"நீங்க பாத்தா பெறகு நான் என்னத்தப் பாக்க" என்றார் ஹாஷிம்.

அன்று பண்டாரவளையிலேயே தங்கினார்கள். இரவு முழுக்க மழை கொட்டியது. விடிந்ததும் வெளுத்துவிட்டது. இராசையா முன்னால் கிளம்பினார். சவுக்கு மரத்தைத் தாண்டிக் கீழ் ரோட்டில் இறங்கினார். பேத்திக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே போனவருக்கு, மதகை நெருங்கும்போதுதான் என்னவோ குறைந்ததுபோல இருந்தது.

லாந்தர் சத்தம் போடவில்லை.

பாரம் ஏறிய வண்டியில் லாந்தர் ஆடாவிட்டால் நல்லது. வெறும் வண்டி அப்படி இல்லை. எவ்வளவு நல்ல ரோடானாலும் அடியில் கல் இருந்தால் வெறும் வண்டி கடகடவென்று சத்தம் போடும். இருபத்தாறு வருஷமாக அவருக்குத் தெரிந்த பாடம் இது. இடது மாடு காதைப் பின்னால் மடித்துக்கொண்டு நின்றுவிட்டது.

இறங்கிச் சாட்டைக் கம்பை மதகு ஓரத்தில் குத்தினார். ஒரு முழம் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது ஓட்டையில் தண்ணீர் கொப்பளித்தது. அடியில் கல்லே போடவில்லை. சேற்றின் மேல் சல்லியைத் தூவிவிட்டுப் போயிருக்கிறார்கள். நேற்று அவரைச் சுகமாகக் கொண்டுபோனது நல்ல ரோடு இல்லை, அமுங்குகிற மண். புதுச் சல்லியில் பலகை ஒருமுறைகூட இடிக்காதபோதே, நேற்றே இது தெரிந்திருக்க வேண்டும். மகளுக்கு ஒரு மெத்தை ரோடு வேண்டும் என்று மனசு கேட்டது, உடம்பும் அதற்கு ஆமாம் போட்டுவிட்டது.

பின்னால் அரிசிப் பாரத்தோடு ஹாஷிமின் வண்டி வந்துகொண்டிருக்கும். ஒரு பக்கம் பள்ளம். வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. இராசையா அவசரமாக வண்டியை ஓரம் ஒதுக்கி, மாடுகளை அவிழ்த்துக் கட்டினார். மதகின் மேல் சாட்டைக் கம்பை நட்டு, தலைத்துண்டை அவிழ்த்து அதில் கட்டினார். பிறகு சவுக்கு மரத்தை நோக்கி ஓடினார்.

மரத்தடியில் ஹாஷிமின் மாடுகள் கீழ் ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டிருந்தன. இராசையா மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

"போகாதீங்க நானா. ரோடு அழுகிக் கெடக்கு."

"நேத்து வெண்ணெய்ன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான். பொய்யாப் போச்சு."

"அப்ப கல்லு ரோட்டுலயா? புள்ள தாங்குமா?"

கூண்டுக்குள்ளிருந்து செபஸ்தியம்மா கேட்டாள். "என்னப்பா, எறங்கணுமா?"

"நீ எறங்க வேணாம் தாயி. நாங்க தூக்கிக்கிறோம்."

தோட்டத்தில் நோயாளியைத் தூக்குவதுபோல, கம்பளியின் இரு முனையையும் மூங்கிலில் கட்டித் தொட்டிலாக்கினார்கள். அவள் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்தாள். முன்னால் தேவதாசன், பின்னால் இராசையா. ஹாஷிம் வண்டியை மெல்ல நடத்திக்கொண்டு பின்னே வந்தார். ஒவ்வொரு கல்லையும் பாதத்தால் தடவிப் பார்த்துத்தான் இராசையா காலை ஊன்றினார்.

ஒரு மைல் போனதும் மேல் ரோட்டிலிருந்து கீழே பள்ளம் தெரிந்தது. மதகும் தெரிந்தது. மதகுக்கு அந்தப் பக்கம் பெட்டி நிறைந்த வண்டி ஒன்று நின்றது. பிலிப்பு. அவன் கம்பைப் பார்த்தான், துண்டைப் பார்த்தான், இந்தப் பக்கம் அவிழ்த்துக் கட்டியிருந்த மாடுகளைப் பார்த்தான். பிறகு கம்பைத் தள்ளி நட்டுவிட்டு, மாடுகளைத் தட்டினான்.

"பிலிப்பு, வராதே" என்று இராசையா கத்தினார். ஊற்றுத் தண்ணீரின் இரைச்சலில் அது எங்கே கேட்கும்? தோளில் மகள் தொங்குகிறாள். கையை எடுத்தால் கல்லில் விழுவாள். அவர் அப்படியே நின்று பார்த்தார். மதகு சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. அதன் பிறகுதான் பெட்டிகள் உருளும் சத்தம் வந்தது.

மகளை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து எழுந்து கீழே ஓடினார். பிலிப்பு உயிரோடு இருந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பிக் கிடந்தது. நுகத்தடியில் மாட்டிக்கொண்ட ஒரு மாட்டுக்குக் கழுத்து முறிந்துவிட்டது.

"துண்டப் பாத்தேண்ணே" என்றான் பிலிப்பு. "பக்கத்துலதான் இருப்பீங்கன்னு நெனச்சேன். ஒரு பச்சக் கொப்பு போட்ருக்கக் கூடாதா?"

மதகைச் சுற்றி எல்லாமே பச்சைதான். கையை நீட்டினால் கொப்பு. இராசையாவுக்கு அது தோன்றவே இல்லை. மகளைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

செபஸ்தியம்மாவின் தையல் பிரியவில்லை. குழந்தையும் நன்றாக இருந்தது. நாற்பதாம் நாள் ஞானஸ்நானத்துக்குப் பிலிப்பைக் கூப்பிட்டார்கள். அவன் வரவில்லை.

இராசையா தன் இடது மாட்டைக் கொண்டுபோய்ப் பிலிப்பின் வாசலில் கட்டிவிட்டு வந்தார். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு இரட்டை மாட்டு வண்டி ஓட்ட முடியாது. மதகைத் திரும்பக் கட்ட ஆள் எடுத்தபோது ரோட்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். கல் உடைத்தார், அடியில் பெரிய கல்லாகப் பார்த்து அடுக்கினார், திமிசுக் கட்டையால் மண் இறுக இடித்தார். மற்றவர்கள் போதும் என்ற பிறகும் இடித்தார்.

"கெழவா, பாதாளம் வரைக்கும் இடிக்கப் போறியா?" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். அவர் கட்டையை மறுபடி ஓங்கினார். வண்டிப்பேட்டையில் யாராவது ரோட்டைப் பற்றிக் கேட்டாலும், "ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மதகு திறந்த அன்று முதலில் வந்தது பிலிப்பின் வண்டி. வெறும் வண்டி. ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இராசையா திமிசுக் கட்டையைக் கீழே வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார். பழைய எஜமானைக் கண்ட இடது மாடு மட்டும் ஒரு கணம் தயங்கி நடந்தது. மதகின் மேல் சக்கரம் ஏறியதும் லாந்தர் கடகடவென்று அடித்துக்கொண்டது.

பிலிப்பு நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அந்தச் சத்தம் வளைவில் மறையும் வரைக்கும் இராசையா காது கொடுத்து நின்றார். பிறகு கட்டையை எடுத்துக்கொண்டு, அரை மைல் மண்ணில் இன்னும் இடிக்காமல் கிடந்த பக்கமாக நடந்தார்.